ஏழாம் தொட்டியைத் தேய்த்தவன்

பிரானூரில் ஐஸ் கம்பெனி, நான் கட்டியது. குற்றாலத்தில் பன்னிரண்டு அறை லாட்ஜ், நான் கட்டியது. மேலகரத்தில் மாவு மில், அதை ஒட்டி லாரி ஷெட்டு, ஐந்தருவி போகிற வழியில் சீசன் கடைகள் நான்கு. பாறை என்றார்கள், உடைத்தேன். தண்ணீர் வராது என்றார்கள், வரவைத்தேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கம்பெனி ஐஸ்தான் போனது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கடல் இல்லாத தென்காசியில் கடல் வைத்தவன் நான். வல்லத்துக்கு மேற்கே ஒரு தகர ஷெட்டு. அதற்குள் குஞ்சுக்கு எட்டு சிமெண்டுத் தொட்டி, ஓரத்தில் தாய் இறாலுக்குத் தனியாக ஒன்று. தொட்டிக்குள் உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் இறால் குஞ்சு. எனக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் அதைச் செய்தவன் இருந்தால் வரச் சொல்லுங்கள், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

போன வாரம் ஐஸ் கம்பெனிக் கதையைப் படித்த வாசகர் ஒருவர் ஆலங்குளத்திலிருந்து எழுதியிருக்கிறார். "உங்கள் தொடரில் நீங்கள் ஜெயித்தது மட்டும்தான் வருகிறது, தோற்றது எங்கே?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டார். இந்த வாரம் அதுதான்.

தொட்டிக்குள் விட்ட கை

பகல் பதினோரு மணி இருக்கும். வெளியே சாரல். தகரக் கூரையில் மணலைத் தூவுவது போல ஒரு சத்தம், விடாமல். ஷெட்டுக்குள் வழக்கம்போல முட்டை வேகிற வாசனை. குஞ்சுகளுக்கு முட்டையும் பால் பவுடரும் கலந்து அவித்து, சல்லடையில் தேய்த்துத் தூளாக்கிப் போடுவோம். அந்த வாசனை சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

அன்றைக்கு அந்த முட்டையைத் தின்ன ஒரு தொட்டிதான் மிச்சம் இருந்தது. ஒன்றாம் தொட்டியிலிருந்து ஆறு வரைக்கும் முந்தின வாரமே செத்துவிட்டது. எட்டு, அன்று காலையில். ஏழாம் தொட்டியில் மட்டும் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. கண்கள் மிளகுத்தூள் போலக் கருத்து, உடம்பு லேசாகச் சிவந்து, இரை எடுத்த வயிறோடு. எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்காகத் தொட்டியின் உள்சுவரில் கையை வைத்தேன். கை வழுக்கியது.

மறுபடி தடவிப் பார்த்தேன். சுவர் முழுக்க வழவழவென்று இருந்தது. தொட்டிக்குள் கறுப்புப் பெயிண்ட் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வழவழப்பு என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். பாசி. அதுவும் மூன்று நாள் பாசி இல்லை, மூன்று வாரப் பாசி. மூன்று நாளுக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நான் உத்தரவு போட்டிருந்த தொட்டி அது.

"ஏ பேச்சி," என்று கூப்பிட்டேன். ஏழும் எட்டும் அவள் பொறுப்பு.

அவள் வந்து நின்றதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் முன்னால் சில பழைய விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்பது விளங்காது.

தலைகீழாக நீந்துகிற குஞ்சு

ஆற்றில் வாழ்கிற பெரிய இறால் ஒன்று உண்டு. நீலக் கால், ஒரு முழம் நீட்டிக் கிடக்கும். வாழ்வது நல்ல தண்ணீரில். ஆனால் குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். வெறும் ஆற்றுத் தண்ணீரில் ஐந்து நாளில் போய்விடும். வெறும் கடலும் ஆகாது. கடல் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் இரண்டு பங்கு. அந்த நல்ல தண்ணீர் எங்கள் மலையடிவாரத்தில் கிடைப்பது போல வேறெங்கும் கிடைக்காது என்பது என் கணக்கு.

கடலை உவரிப் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தேன். முதல் லாரியை வழியில் நிறுத்திய போலீஸ்காரர், "என்னவே ஏத்திருக்கு?" என்று கேட்டார்.

"கடல் தண்ணி சார்."

அவர் நம்பவில்லை. குழாயைத் திறக்கச் சொல்லி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "வே, வீட்டுத் தண்ணியில ஒரு கை உப்பப் போட்டா ஆச்சு. இதுக்கு ஒரு லாரியா?"

ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. சமையல் உப்பைப் போட்டால் கடல் ஆகாது. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறந்த குஞ்சு தலைகீழாக நீந்தும். தலை கீழே, வால் மேலே, பின்பக்கமாகப் போகும். பதினொரு தடவை சட்டை உரிக்கும். ஏறக்குறைய ஒரு மாசம். கடைசியில் ஒருநாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நிமிர்ந்து தரையில் நிற்கும். நிமிர்ந்துவிட்டால் பிழைத்தது. நல்ல தண்ணீருக்குப் பழக்கிக் குளத்துக்கு அனுப்பிவிடலாம். அந்த நிமிர்கிற நாளுக்காகத்தான் அவ்வளவு பாடும்.

பாசியும் நானும்

என் அண்ணன் சுப்பையா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சீசனில் வருகிறவர்களை அருவிக்குப் போகும் முன்னால் பாறையில் உட்காரவைத்து, தலையிலும் முதுகிலும் எண்ணெய் போட்டு அடித்துப் பிசைந்துவிடுவான். நல்ல கைக்காரன். ஒரு சாரல் நாளில் எண்ணெய்ப் புட்டிகளோடு சரிவுப் பாறையில் இறங்கினான். கால் வைத்த இடத்தில் பாசி. நான் போய்ச் சேர்ந்தபோது பாறையில் எண்ணெய்தான் அதிகம் சிந்தியிருந்தது. ரத்தம் குறைவுதான். அந்தக் குறைந்த ரத்தமே போதுமாக இருந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயசு இருக்கும். அந்த வருஷமே அருவியில் படியும் பாறையும் தேய்க்கிற வேலையில் சேர்ந்தேன். தேங்காய் நார், பிளீச்சிங் பவுடர், இந்தக் கை. ஏழெட்டு வருஷம் தேய்த்தேன். நான் தேய்த்த படியில் யாரும் விழுந்ததாக ஒரு பேச்சு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது எத்தனை நாள் பாசி என்று சொல்லிவிடுவேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் பந்தயம் வைத்துத் தோற்றிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. பாசி கொடுத்தது. லாட்ஜ் கட்டியபோதும் தரையைத் தேய்க்கிறதை நானே நின்று பார்ப்பேன். ஐஸ் கம்பெனியிலும் அப்படித்தான். இறால் ஷெட்டுக்கு வந்தபோது, இந்தத் தொழிலில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று இருக்கிறது என்று தெம்பாக இருந்தேன்.

குழிக்குள் போன இறால்

ஆரம்பத்தில் நானும் மருந்து போட்டவன்தான். மறைக்கவில்லை. குஞ்சு வெளுத்தால் ஒரு பொட்டலம். மஞ்சள் நிறத்தில் இருக்கும், தொட்டித் தண்ணீரே மஞ்சளாகிவிடும். கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாடிக். அதைக் கொண்டுவந்து விற்றவர் ஒருவர், எல்லாரும் போடுவதுதான் என்றார். போட்டேன். குஞ்சு பிழைத்தது.

ராயகிரியில் மாடசாமி என்று ஒருவர். இரண்டு தலைமுறையாக நெல் போட்ட நிலத்தில் ஒரு மூலையை வெட்டிக் குளமாக்கி, என்னிடம் குஞ்சு வாங்கி வளர்த்தார். என் பேச்சை நம்பிக் குளம் வெட்டிய முதல் ஆள். குஞ்சோடு கூட நாலைந்து மஞ்சள் பொட்டலத்தையும் அவரிடம் கொடுத்தேன். "சொணங்குற மாதிரி தெரிஞ்சா எரையில கலந்து போடுங்க," என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் நான் சொன்னதைச் செய்தார்.

அறுவடை நன்றாக இருந்தது. ஐஸ் போட்டு லாரியில் கேரளாவுக்குப் போனது. வாங்குகிற இடத்தில் ஏதோ கருவியில் வைத்துப் பார்த்தார்கள். இதில் மருந்து ஏறியிருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். செங்கோட்டை வழியாகப் போன லாரி செங்கோட்டை வழியாகவே திரும்பி வந்தது. வரும்போது ஐஸ் பாதி கரைந்திருந்தது.

ராயகிரியில் குளத்துக்குப் பின்னால் குழி வெட்டினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். நீலக் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூடை கூடையாக உள்ளே விழுந்தன. வரப்பு முழுக்கக் கொக்கும் காக்கையும். மாடசாமி மண்ணைத் தள்ளிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"நான் வேற எதயும் போடல அண்ணாச்சி. நீங்க குடுத்த மஞ்சப் பொட்டலம் மட்டுந்தான். அதுதானா?"

"அதாத்தான் இருக்கும்."

அவர் மறுபடி மண்ணைத் தள்ளினார். இன்னும் கேட்டிருக்கலாம்.

அந்தக் குழி மேட்டில் நின்றுதான் வாக்குக் கொடுத்தேன். இனிமேல் என் ஷெட்டில் மஞ்சள் பொட்டலம் நுழையாது, மருந்து படாத குஞ்சு கொண்டுவருகிறேன், குளத்தை மூடாதீர்கள் என்றேன்.

"ஒரு தடவ பாப்போம்," என்றார் மாடசாமி. "இந்த மழை முடியுததுக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா மூடிருவேன். வீட்டுல அந்தக் குளத்துப் பக்கமே திரும்ப மாட்டேங்கா."

செம்புக்குள் வெளிச்சம்

மருந்தை நிறுத்தினேன். குஞ்சுகள் சாக ஆரம்பித்தன.

முதலில் இரை எடுக்காது. பிறகு வால் வெளுக்கும். பிறகு அடியில் வெள்ளைத் தூசி மாதிரிக் கிடக்கும். தண்ணீரை ஒரு செம்பில் அள்ளிக்கொண்டு, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கண் இருட்டுக்குப் பழகியதும் செம்புக்குள் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. ஆட்டினால் இன்னும் ஒளிர்ந்தது. பார்க்க அவ்வளவு அழகு. நட்டநடுப் பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மீன் வளர்ப்புப் படித்த ஒருவரிடம் போனில் கேட்டேன். அது கிருமி, கடல் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், இடம் கிடைத்தால் பெருகிவிடும் என்றார். அந்த 'இடம் கிடைத்தால்' என்ற பேச்சை நான் காதில் வாங்கவில்லை. கிருமி என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் பாசி. எனக்குத் தெரிந்தது அது.

தேய்க்க உத்தரவு போட்டேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை குஞ்சுகளை வலையில் அள்ளி டிரம்மில் விட வேண்டும், தொட்டியை பிளீச்சிங் போட்டுத் தேய்க்க வேண்டும், நன்றாக அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, குஞ்சுகளைத் திரும்ப விட வேண்டும். பேச்சியும் இன்னும் எட்டுப் பேரும் வேலை பார்த்தார்கள். அவர்கள் கைத்தோல் உரிந்தது. தொட்டிகள் கண்ணாடி மாதிரி இருந்தன. குஞ்சுகள் இன்னும் வேகமாகச் செத்தன.

பேச்சியம்மாளுக்கு இலஞ்சி. நாற்பது வயசு இருக்கும். ஷெட்டு திறந்த நாளிலிருந்து இருப்பவள். ஒருநாள் முட்டையைச் சல்லடையில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"கோவப்படுத மாதிரி இருந்தா சொல்லாத."

"ஒரு தொட்டியத் தேய்க்காம விட்டுப் பாத்தா என்ன? கழுவிப் புதுத் தண்ணி விட்ட அன்னைக்குக் குஞ்சு தெகைச்சுப்போயி நடுவுலயே சுத்துது. ரெண்டு நா கழிச்சு, சொவத்துல லேசா வழுக்கு புடிச்ச பொறவுதான் ஓரத்துக்கு வந்து எரை எடுக்கு. அது எரை எடுக்க ஆரம்பிச்ச மறுநா நாம தேச்சிருதோம்."

"ஏட்டி, அருவியில பாசி தேச்சவன் நான். எனக்கே பாசியப் பத்திப் பாடம் எடுக்கியா?"

பம்பு பார்க்கிற தங்கராசு அந்தப் பக்கமிருந்து, "அக்காவுக்கு முட்டி வலி அண்ணாச்சி. குனிய முடியல. அதான் ஆராய்ச்சியில எறங்கிட்டா," என்றான்.

எல்லாரும் சிரித்தோம். பேச்சியும் சிரித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வேலைக்கள்ளி

அதற்குப் பிறகு விட்ட அடுத்த ஈட்டுக் குஞ்சில்தான், முதலில் சொன்ன அந்தப் பகல். கூப்பிட்டதும் பேச்சி வந்து நின்றாள். என் ஈரக் கையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன நாளாத் தேய்க்கல?"

"இருவத்திரெண்டு நாளாச்சு அண்ணாச்சி. குஞ்சு விடுததுக்கு ஒரு வாரம் முந்தியே நிறுத்திட்டேன்."

"எட்டு?"

"எட்டத் தேச்சேன், நீங்க சொன்ன மாதிரியே. ஏழ மட்டும் நான் நெனச்ச மாதிரி விட்டேன். அடியில கசட மட்டும் டியூப் வச்சு உறிஞ்சுதேன். சொவத்தத் தொடல."

"யாரக் கேட்டு?"

"கேட்டேன்லா. நீங்கதான் சிரிச்சிய."

மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற புளோயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். ஏழாம் தொட்டி ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைத்துக் கிடக்கிறது, மாடசாமிக்குக் கொடுக்க மிஞ்சியது அது ஒன்றுதான், அதற்குள்ளும் இவள் பாசியை வளர்த்து வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. பாசியைப் பார்த்தால் எனக்குப் பாறையில் கிடந்த சுப்பையாதான் தெரிவான். எட்டு செத்ததையும் ஏழு பிழைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை.

"ஒடம்பு வணங்காத வேலைக்கள்ளி," என்றேன். அத்தனை பேர் முன்னாலும். "முட்டி வலின்னு வீட்டுல கெட. என் ஷெட்டுல நிக்காத."

அவள் அழவில்லை. தொட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"என்னைய வெரட்டுங்க அண்ணாச்சி. இப்பமே போறேன். தொட்டிய மட்டும் தொடாதிய. இன்னும் பத்துப் பன்னெண்டு நா. நிமிந்துரும்."

"நகரு."

நகர்ந்தாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள். குடை கூட எடுக்கவில்லை.

அந்தத் தொட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குஞ்சுகளை அள்ளி டிரம்மில் விட்டேன். தேங்காய் நாரை எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும் கைக்கு அந்த வேலை மறக்கவில்லை. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு விரற்கடை விடாமல். முடித்துவிட்டுச் சுவரில் கை வைத்தால் கீச்சென்று சத்தம் கேட்டது. அவ்வளவு சுத்தமாக அந்த ஷெட்டில் ஒரு தொட்டி அதற்கு முன் இருந்ததில்லை.

நான்கு நாள்

முதல் நாள் குஞ்சுகள் நடுவில் சுற்றின. பேச்சி சொன்ன அதே சுற்று.

இரண்டாம் நாள் முட்டைத் தூள் அப்படியே அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் வால் வெளுத்தது. சாமான் அறைக்குள் செம்பைக் கொண்டுபோனேன். ஒளிர்ந்தது.

தங்கராசு பின்னாலேயே வந்தான். கையில் ஒரு பழைய மஞ்சள் பொட்டலம். "ரேக்குக்குப் பின்னால ஒண்ணு கெடந்துச்சு அண்ணாச்சி. இந்த ஒரு தடவ போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

வாங்கினேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். போட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும், அது எனக்குத் தெரியும். முட்டை வேகிற அடுப்பில் அதைப் போட்டேன். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், சுலபமாக இல்லை.

நான்காம் நாள் காலையில் காற்றுக் குழாயை நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் தெளிந்து நின்றது. அடியில் ஒரு வெள்ளைப் படலம். அதில் எதுவும் துள்ளவில்லை. கீழே கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது.

மாடசாமிக்குப் போன் போட்டேன். சொன்னேன்.

"சரி அண்ணாச்சி. அங்கன மழ பெய்யிதா?"

"பெய்யிது."

"இங்கன நின்னுட்டு," என்றார்.

குளத்தை மூடி எலுமிச்சை வைத்துவிட்டார். இப்போது அந்த வழியாகப் போனால் மரங்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. நல்ல காய்ப்பு. நான் வண்டியை நிறுத்துவதில்லை.

செங்கோட்டை மண்டபம்

பேச்சி செங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்று தங்கராசு சொன்னான். போனேன். பின்கட்டில் ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேரளாவிலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர், "சேச்சி, ஆள் வந்நிருக்கு," என்று குரல் கொடுத்தார்.

"ஏழு செத்துப்போச்சு," என்றேன்.

"தெரியும். தங்கராசு சொன்னான்."

"அதுல என்னதான் செஞ்ச? சொல்லு."

"ஒண்ணும் செய்யல. விட்டேன். செஞ்சது அதுதான்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பாலக் காய்ச்சி, உறை ஊத்தாமத் தொறந்து போட்டா என்ன ஆவும்?"

"கெட்டுப்போவும்."

"உறை ஊத்துனா?"

"தயிராவும்."

"ரெண்டுலயும் எதோ ஒண்ணு உள்ள பூந்துதான வேல செய்யிது. எது மொதல்ல எடம் புடிச்சுச்சோ அதுக்குத்தான் வீடு. நீங்க தொட்டிய வெளுத்துக் காலி வீடா ஆக்கித் தாறிய. கெட்டது மொத ஆளா வந்து குடியேறுது. நான் தாய் இறால் நல்லாக் கெடக்க தொட்டியில இருந்து நாலு வாளித் தண்ணி மோந்து ஏழுல ஊத்துனேன். குஞ்சு இல்லாம ஒரு வாரம் சும்மா காத்து ஓடவிட்டேன். சொவத்துல வழுக்கு புடிச்சுச்சு. அந்த வழுக்குதான் உறை. அதுக்குப் பொறவு கெட்டது வந்தாலும் உக்கார எடமில்ல."

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு குத்துப்போணிப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தேன். ஏழெட்டு வருஷம் அருவியிலும் மிச்ச வருஷம் என் கட்டடங்களிலும் நான் தேய்த்த தேய்ப்பு எல்லாம் சரிதான். அது மனுஷன் நடக்கிற இடம். குஞ்சு நடக்கிற இடத்தில் அதே கையை வைத்திருக்கிறேன்.

"வேலைக்கு வா," என்றேன்.

"வரல அண்ணாச்சி."

"நான்தான வந்து கூப்பிடுதேன்."

"கூட்டத்துல வச்சு வேலைக்கள்ளின்னிய. இங்கன எச்சிப் பாத்திரம் கழுவுத எடத்துல தனியா வந்து கூப்பிடுதிய. எட்டு வருசம் ஒரு நா லீவு போடாம வந்தவ நான். அந்த ஷெட்டுல நின்னு, அவுக எல்லாரு முன்னாலயும், இவ வேலைக்கள்ளி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கே வாரேன்."

நான் "சரி, பாப்போம்," என்றேன்.

பார்க்கவில்லை. மறுநாள் ஷெட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். வாயைத் திறந்தேன். இனிமேல் தொட்டி தேய்க்க வேண்டாம், தாய்த் தொட்டித் தண்ணீரில் உறை ஊற்றி ஒரு வாரம் விடுங்கள் என்று உத்தரவு போட்டேன். உத்தரவாகத்தான் வந்தது. படிப்பில்லாதவனுக்குக் கைவேலையில் இருக்கிற பெயர் ஒன்றுதான் சொத்து. அதை எட்டுப் பேர் நடுவில் அவிழ்த்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது யாருடைய யோசனை என்று எல்லாருக்கும் தெரியும். வாளிகளை எடுக்கப் போனார்கள்.

அடுத்த ஈடு நிமிர்ந்தது. மருந்து இல்லாமல், ஒரு பொட்டலம் இல்லாமல். ஒரு காலையில் பார்த்தால் சுவர் ஓரமெல்லாம் ஊசி ஊசியாக நின்றுகொண்டிருந்தன. காட்டுவதற்கு மாடசாமி இல்லை, பேச்சி இல்லை. தங்கராசு எட்டிப் பார்த்துவிட்டுப் பம்புப் பக்கம் போய்விட்டான்.

இன்றைக்கும் எல்லாத் தொட்டியும் பிழைப்பதில்லை. சில தடவை உறை பிடிக்காது. அப்போது சாகவிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்போம்.

கழுவ மறந்துவிட்டார்களாம்

சமீபத்தில் தென்காசியில் இறால் வளர்ப்பவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. போனேன், பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாடம் நடத்தியவர் சின்ன வயசு, தெளிவாகப் பேசினார். திரையில் ஒரு கறுப்புத் தொட்டிப் படம். என் ஷெட்டுத் தொட்டி.

"ஆன்டிபயாடிக் இல்லாம குஞ்சுகளைக் காப்பாத்துற இந்த முறை, இந்தப் பக்கத்துல ஒரு பண்ணையில தற்செயலாத் தெரியவந்தது," என்றார். "ஒரு தொட்டியக் கழுவ மறந்துட்டாங்க. அதுல மட்டும் குஞ்சு நல்லா இருந்துச்சு."

பக்கத்தில் இருந்த செங்கோட்டைக்காரர் என் தொடையில் தட்டி, "அண்ணாச்சி, ஒங்க ஷெட்டுல்லா அது," என்றார்.

மைக் சுற்றி வந்தது. என்னிடமும் வந்தது. "ஐயா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள். முழு ஹாலும் திரும்பிப் பார்த்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டீ எப்பம் வரும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

வாயில் வராததால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒருவரும் எதையும் மறக்கவில்லை. இலஞ்சி பேச்சியம்மாள் இருபத்திரண்டு நாள், எனக்குத் தெரியாமல், வேண்டுமென்றே அந்தத் தொட்டியைக் கழுவாமல் விட்டாள். பக்கத்துத் தொட்டியைக் கழுவி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் வேலைக்கள்ளி இல்லை. எட்டுப் பேர் முன்னால் சொல்லச் சொன்னாள். இந்தப் பத்திரிகையை எட்டுப் பேருக்கு மேல் படிக்கிறார்கள். காலம் கடந்துவிட்டது, அதுவும் தெரியும்.

அடுத்தது என் பங்கு. அதை நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. அன்றைக்கு நான் கை வைக்காமல் இருந்திருந்தால் ஏழாம் தொட்டி நிமிர்ந்திருக்கும். நானும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈட்டுக்கு எட்டையும் தேய்க்கச் சொல்லியிருப்பேன். காப்பாற்றியது பாசிதான் என்பது, நான் அதைத் தேய்த்து, நான்கு நாளில் அத்தனையும் செத்த பிறகுதான் சந்தேகமில்லாமல் விளங்கியது. நானும் அதை வேண்டுமென்றே, என் கையாலேயே செய்தேன்.

ஆகவே பயிற்சி நடத்துகிறவர்கள் தங்கள் பாடத்தில் 'தற்செயலாக' என்று இருப்பதை அடித்துவிட வேண்டும். வளர்த்தவள் பேச்சியம்மாள் என்று முதல் வரியில் போட வேண்டும். இரண்டாவது வரியில், தேய்த்துக் கொன்றவன் என்று என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட வேண்டும்.